பக்கத்துக்குப் பதினெட்டு நிமிடம்: ஒரு ஃபோக்-புளூஸ் இசைத்தட்டு உருவான விதம்

எங்கள் குழுவின் புதிய இசைத்தட்டு முந்நூறு பிரதிகளாக அச்சாகி வந்துவிட்டது. டொராண்டோவின் கிழக்கே ஸ்கார்பரோவில் ஒரு வீட்டின் நிலவறையில் ஒத்திகை பார்க்கும் நால்வர் குழு இது. கிட்டார் வாசித்தபடியே பாடும் ஒருவர், மவுத் ஆர்கன் ஊதும் ஒருவர், வாஷ்போர்டும் (துணி துவைக்கும் நெளிபலகை) கால்பலகையுமாகத் தாளம் போடும் ஒருவர், டபுள் பேஸ் என்னும் பெரிய தாழ்சுருதித் தந்திக் கருவியோடு நான். ஒலிப்பதிவும் என் பொறுப்பு. முந்தைய பாடல்களை இணையத்தில் மட்டுமே வெளியிட்டிருந்தோம். வினைல் தட்டு எங்களுக்கு இதுதான் முதல் முறை. இணைய வெளியீட்டில் எண்ணிப் பார்க்கவே தேவையில்லாத ஒரு கட்டுப்பாடு தட்டில் உண்டு: அங்கே பாட்டுக்குக் கிடைக்கும் இடம் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து தரப்படுகிறது. அந்தக் கணக்கை நாங்கள் பாட்டெல்லாம் பதிவாகி முடிந்த பிறகுதான் போட்டோம். முதலிலேயே போட்டிருந்தால் ஏறக்குறைய எண்ணூறு டாலர் மிஞ்சியிருக்கும் என்பதால், இப்படி ஒரு தட்டு செய்ய நினைப்பவர்களுக்காக வேலை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

பதிவு நடந்தது ஜனவரியில். கடுங்குளிரில் வீட்டைச் சூடேற்றும் ஃபர்னஸ் ஓடும்போது நிலவறையின் ஈரப்பதம் 25 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மரக் கருவிகளுக்கு 45 முதல் 50 சதவீதம் வரை வேண்டும். அதற்குக் கீழே போனால் கிட்டாரின் மேற்பலகை சுருங்கும், கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளின் முனைகள் வெளியே துருத்தும், பல ஆண்டுகள் பழகிய டபுள் பேஸில் விரிசல்கூட விழலாம். ஆகவே பதிவுக்கு ஒரு வாரம் முன்பே ஈரப்பதமூட்டி ஒன்றை இரவும் பகலும் ஓடவிட்டு, பதிவு செய்யும் நேரத்தில் மட்டும் அதையும் ஃபர்னஸையும் நிறுத்தினோம். ஃபர்னஸ் நின்றவுடன் அறை மெல்லக் குளிரத் தொடங்கும், சுருதியும் அதோடு நகரும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் சுருதி சேர்த்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஃபர்னஸை மீண்டும் போட்டு அறையைச் சூடாக்கி, மறுபடி நிறுத்தி என்றுதான் வேலை நடந்தது. மேல்மாடியில் இருந்த குளிர்சாதனப் பெட்டியின் ஓசையும் தரை வழியாக இறங்கியதால் அதையும் அணைக்க வேண்டியிருந்தது. அணைத்ததை மறந்து போகாமலிருக்கக் கார் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவது ஒலிப்பதிவாளர்களிடையே புழங்கும் பழைய வழக்கம். சாவியை எடுக்காமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

அறை ஆறு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம். வெற்றுக் கான்கிரீட் சுவரில் கைதட்டினால் கேட்கும் படபடப்பைப் போக்க, நான்கு அங்குலத் தடிமனுள்ள பாறை இழைப் பஞ்சுப் பலகைகளை, அதாவது கட்டடங்களில் வெப்பக் காப்புக்காக வைக்கும் ராக்வூல் பலகைகளை, துணியால் போர்த்திச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தினோம். சுவரோடு ஒட்டி வைப்பதைவிட இடைவெளி விட்டு வைத்தால் இன்னும் தாழ்ந்த ஒலிகளையும் அது உறிஞ்சும். எட்டுப் பலகையும் துணியும் சேர்த்து 240 டாலர் ஆயிற்று. இந்த முயற்சியில் செலவழித்த பணத்தில் மிகுந்த பயன் தந்தது இதுதான்.

பாடிக்கொண்டே கிட்டார் வாசிப்பவரைப் பதிவு செய்வதில் உள்ள சிக்கல், குரலுக்கு வைத்த மைக்கில் கிட்டாரும் கிட்டாருக்கு வைத்த மைக்கில் குரலும் விழுவது. தனித்தனியாகப் பதிவு செய்து ஒட்டலாம். ஆனால் புளூஸில் குரல் ஒரு வரியை விட்ட இடத்தில் கிட்டார் அதற்குப் பதில் சொல்கிறது, அந்த உரையாடல் இரு வேறு நாளில் நடக்காது. எட்டின் வடிவில் முன்னும் பின்னும் கேட்டுப் பக்கவாட்டில் செவிடாக இருக்கும் இருதிசை மைக்குகள் இரண்டைக் கொண்டு இதைத் தீர்த்தோம். கிட்டார் மைக்கைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு எதிரே 30 செ.மீ. தூரத்தில் வைத்து, அதன் செவிட்டுப் பக்கம் பாடுபவரின் வாயை நோக்குமாறு சாய்த்தோம். குரல் மைக்கின் செவிட்டுப் பக்கம் கிட்டாரை நோக்கியது. சில பாகை திருப்பினாலே பெரிய வித்தியாசம் தெரிகிறது. ஒருவர் காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருக்க, இன்னொருவர் மைக்கை மெல்லத் திருப்பிப் பார்ப்பதற்கு முழு மாலையும் செலவிடலாம், அது வீண் இல்லை. மவுத் ஆர்கனுக்கு ஷூர் எஸ்எம்57 மைக். இரண்டு பாடல்களில் மட்டும் ஐந்து வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் வழியே கரகரப்பாக ஊதினோம். அந்த இரண்டு பாடல்களில் ஒன்றுதான் பின்னால் எங்களைத் தொல்லைப்படுத்தியது. அறையின் மொத்த ஒலியைப் பிடிக்க இடதும் வலதுமாக இன்னும் இரண்டு மைக் வைத்தோம். உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபெல்லை (பதிவின் மேல் எல்லைக்கு 12 டெசிபெல் கீழே) தாண்டாதபடி, 24 பிட்டில், தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் இல்லாமல் பதிவு செய்தோம். வேகம் பாட்டின் நடுவே சற்றே ஏறுகிறது. பழைய பதிவுகளிலும் அது அப்படித்தான் ஏறுகிறது, அதை நான் திருத்த மாட்டேன்.

மெதுவான பாடல்களுக்கு ரெசனேட்டர் கிட்டார். மின்சார ஒலிபெருக்கி பரவுவதற்கு முன், கிட்டாரின் ஒலியைக் கூட்டுவதற்காக 1920-களின் பிற்பகுதியில் லாஸ் ஏஞ்சலஸில் ஜான் டோப்யேரா வடிவமைத்த கருவி. மரப் பலகைக்குப் பதில் உள்ளே ஒரு மெல்லிய அலுமினியக் கூம்பு அதிர்கிறது. எங்களுடையதில் ஒரேயொரு சுரத்தில் மட்டும் இரைச்சல் வந்தது. ஒத்திகையில் காதில் விழாத இந்த இரைச்சல், 30 செ.மீ.யில் வைத்த மைக்கில் அப்பட்டமாகக் கேட்டது. கூம்புதான் நெளிந்துவிட்டது என்று முடிவு கட்டி, புதுக் கூம்பு வாங்கும் வரை போய்விட்டோம். ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை எளிது: ஒருவர் அந்தச் சுரத்தை விடாமல் மீட்ட, மற்றவர் மேல்மூடியின் ஒவ்வொரு திருகையும், கம்பி கட்டும் வால்தகட்டையும், சுருதிச் சாவிகளின் பித்தளை வளையங்களையும் விரலால் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே வர வேண்டும். வால்தகட்டின் அடியை அழுத்தியதும் இரைச்சல் நின்றது. அதற்கும் மூடிக்கும் இடையில் சிறு துண்டு கம்பளித் துணியை வைத்ததோடு வேலை முடிந்தது. ஸ்லைடு வாசிக்கும்போது, அதாவது விரலில் மாட்டிய கண்ணாடிக் குழாயைக் கம்பிகள் மேல் நகர்த்தி வாசிக்கும்போது, அந்தக் குழாய்க்குப் பின்னால் இன்னொரு விரலைக் கம்பிகள் மேல் இலேசாகப் படுத்து வைக்காவிட்டால் எழும் தேவையற்ற முனகலும் மைக்கில் இதேபோலப் பெரிதாகக் கேட்கும். அதற்குப் பழக்கம் ஒன்றுதான் மருந்து.

கால்பலகை பற்றித் தனியே எழுத வேண்டும். ஒட்டுப்பலகைப் பெட்டி ஒன்றின் மேல் குதிகாலால் தட்டுவதுதான் எங்கள் டிரம். அதன் கனமான ஒலி பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸை ஒட்டி இருந்தது. பெட்டி இடது அறை மைக்குக்கு அருகே இருந்தது. வலது மைக் அதைவிட இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகத் தூரத்தில். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் ஏறக்குறைய 4.3 மீட்டர். எனவே இரண்டு மைக்குகளுக்கும் இடையே சரியாக அரை அலை வித்தியாசம்: இடதில் அலை ஏறும்போது வலதில் இறங்குகிறது. ஹெட்ஃபோனில் இது அறையை விரிவாக்கிக் காட்டும் இன்பமான ஒலியாகக் கேட்டது, நாங்களும் மகிழ்ந்து அப்படியே விட்டோம்.

பாடல்களில் எட்டு எங்களுடையவை, நான்கு பழையவை. ஃபோக்-புளூஸ் குழுக்கள் பழைய பாடல்களின் அருகே ‘மரபுப் பாடல்’ என்று எழுதிவிட்டு நகர்வது வழக்கம், அது எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினக் கலைஞர் எலிசபெத் காட்டன் சிறுமியாக இருந்தபோது இயற்றிய ஒரு பாடல் 1950-களில் இங்கிலாந்தில் வேறு இருவர் பெயரில் பதிவாகி, அவருக்கு உரிய பெயரும் பணமும் வந்துசேரக் காலம் பிடித்தது. மரபு என்று சொல்லப்படும் பாடல்களில் பலவற்றுக்கு இப்படிப் பெயரும் முகமும் கொண்ட கறுப்பின ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நான்கு பாடல்களின் மூலத்தையும் தேடியபோது இரண்டுக்கு உரிமையாளர் இருப்பது தெரிந்தது. கனடாவில் காப்புரிமைக் காலம் 2022 டிசம்பர் 30 முதல் ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் என்பதிலிருந்து 70 ஆண்டுகளாக நீண்டுவிட்டதால், பழைய கட்டுரைகளை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. அந்த இரண்டுக்கும் உரிமம் வாங்கினோம். முந்நூறு பிரதிகளுக்கு அது மிகச் சிறிய தொகை. மற்ற இரண்டுக்கு, எங்களுக்குக் கிடைத்த பழைய பதிவில் பாடியவரின் பெயரை உறையில் எழுதினோம்.

தனித்தனி மைக் பதிவுகளை ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங் முடிந்து பன்னிரண்டு பாடல்களையும் கூட்டிப் பார்த்தால் 44 நிமிடம். பக்கத்துக்கு 22 நிமிடம் என்று பிரித்துத் தட்டு வெட்டும் பொறியாளரிடம் கொடுத்தபோதுதான் மில்லிமீட்டர் கணக்கு தொடங்கியது. 12 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல்கிறது, அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. ஒலி பதியும் சுருள் பள்ளம் மையத்திலிருந்து 146 மி.மீ. தூரத்தில் தொடங்கி ஏறக்குறைய 60 மி.மீ.யில் முடிய வேண்டும். இடையில் கிடைப்பது 86 மி.மீ. 22 நிமிடத்துக்கு 733 சுற்று வேண்டும், சுற்று ஒன்றுக்கு 0.117 மி.மீ. மட்டுமே கிடைக்கும். 18 நிமிடமானால் 600 சுற்று, சுற்றுக்கு 0.143 மி.மீ. டபுள் பேஸ் போன்ற தாழ்ந்த ஒலி பள்ளத்தை அகலமாக வளைக்கும். இடம் குறைந்தால் ஒலியளவைக் குறைத்துத்தான் வெட்ட முடியும், குறைத்தால் வினைலின் இயல்பான சலசலப்பு மெதுவான பாடல்களுக்கு மேலே எழுந்துவிடும். எங்கள் இசையில் பாதி மெதுவானது. இரண்டு பாடல்களைத் தட்டிலிருந்து நீக்கி இணையத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். ஏ பக்கம் 18 நிமிடம் 20 வினாடி, பி பக்கம் 17 நிமிடம் 45 வினாடி என்று வந்தது. நீக்கியவற்றில் ஒன்று நான் மிகவும் விரும்பிய பாடல், ஆனாலும் இந்த முடிவில் எனக்கு ஐயம் இல்லை.

கால்பலகையின் விரிந்த ஒலியைப் பொறியாளர் வெட்டுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார். இரண்டு பக்கமும் ஒன்றாக ஏறி இறங்கும் ஒலி பள்ளத்தில் பக்கவாட்டு அசைவாகப் பதிகிறது. எதிரெதிராக இருப்பது மேலும் கீழுமான அசைவாகப் பதிகிறது. 80 ஹெர்ட்ஸில் வலுவான மேல்-கீழ் அசைவு வந்தால் பள்ளம் ஓரிடத்தில் ஆழமின்றிப் போய் ஊசி தாவிவிடும். அறை மைக்குகளில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை இரு பக்கமும் ஒன்றாக்கி நடுவில் வைத்தோம், பலகை இன்னும் திடமாகக் கேட்டது. பாடலில் வரும் ‘ஸ’, ‘ஷ’ ஒலிகளின் கூர்மையையும் 6,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை தணித்தோம். இணையத்துக்கான மாஸ்டர், அதாவது வெளியீட்டுக்கான இறுதிப் பிரதி, வேறு, தட்டுக்கான மாஸ்டர் வேறு. இணையத்துக்கு மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குத் தோன்றும் சராசரி உரப்பின் அலகு) அளவில் செய்தோம். தட்டுக்கான பிரதியில் உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியை நெருக்கவே இல்லை.

வெட்டுவது அலுமினியத் தட்டின் மேல் பூசிய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்னும் மெல்லிய பூச்சில். இந்த லாக்கர் தட்டுகளைச் செய்துவந்த இரண்டே முக்கியத் தொழிற்சாலைகளுள் ஒன்றான கலிஃபோர்னியாவின் அப்பல்லோ மாஸ்டர்ஸ் 2020 பிப்ரவரியில் எரிந்துபோனது. மீண்டும் வெட்டுவது மலிவான காரியம் அல்ல என்பதைச் சொல்லவே இதைக் குறிப்பிடுகிறேன். வெட்டிய லாக்கரின் மேல் வெள்ளி தெளித்து, நிக்கல் முலாம் ஏற்றிப் பிரித்தெடுக்கும் உலோகத் தகடுகளிலிருந்து அச்சுத் தகடு பிறக்கிறது. அதைக் கொண்டு ஆலை முதலில் அச்சிடுவது, வெள்ளை ஒட்டுச்சீட்டோடு வரும் சில சோதனைத் தட்டுகள்.

சோதனைத் தட்டைக் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. எங்கேயாவது ‘டிக்’ என்று கேட்டால், அது சரியாக 1.8 வினாடிக்கு ஒருமுறை திரும்ப வருகிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வந்தால் அடுத்தடுத்த பள்ளங்களைக் குறுக்கே கடக்கும் கீறலோ புடைப்போ இருக்கிறது. அதே இடத்தில் மற்றச் சோதனைத் தட்டிலும் கேட்டால் குறை அச்சுத் தகட்டில். ஒன்றில் மட்டும் கேட்டால் அந்தப் பிரதியில் மட்டும். நடுத்துளை மையத்திலிருந்து விலகியிருந்தால் சுருதி அதே 1.8 வினாடிக் கணக்கில் ஏறி இறங்கும். ஸ்லைடில் நீளமாகப் பிடித்த ஒரு சுரத்தில் அது உடனே தெரியும். தூசு போன்றவை உண்டாக்கும் ஒற்றை ஓசைகளைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. நல்ல கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) பூட்டிய டர்ன்டேபிள் ஒன்றிலும், மலிவான பெட்டி வகை ஒன்றிலும் கேட்டோம். வாங்குபவர்களில் பலரிடம் இருப்பது இரண்டாவது வகைதான்.

ஏ பக்கம் தெளிவாக இருந்தது. பி பக்கத்தின் கடைசிப் பாட்டில் மவுத் ஆர்கன் சிதறிக் கிழிந்து ஒலித்தது. ஆம்ப்ளிஃபயர் வழியே கரகரப்பாக ஊதிய அந்த வேகமான பாட்டை நிகழ்ச்சிகளில் கடைசியில் வாசிப்பது எங்கள் வழக்கம், தட்டிலும் அதையே செய்திருந்தோம். தட்டின் விளிம்பில் ஊசிக்குக் கீழே பள்ளம் வினாடிக்கு 51 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது, உள்வட்டத்தின் முடிவில் வெறும் 21 செ.மீ. 6,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை விளிம்பில் 0.085 மி.மீ. நீளத்தில் பதிகிறது, உள்ளே 0.035 மி.மீ.யில். சாதாரண உருண்டை ஊசிமுனையின் ஆரமே 0.018 மி.மீ. அந்த நெருக்கத்தில் ஊசியால் வளைவுகளைப் பின்தொடர முடியாது. ஆலையின் வேலையில் குறை எதுவும் இல்லை, வெட்டிய பொறியாளரும் இந்த இடத்தைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்திருந்தார். வரிசையை மாற்ற மனமில்லாமல் நாங்கள்தான் துணிந்து பார்த்தோம். பி பக்கத்தை மட்டும் புதிதாக வெட்டினோம். அந்த வேகமான பாட்டு பி பக்கத்தின் முதலிடத்துக்குப் போனது. ரெசனேட்டரும் குரலும் மட்டுமே உள்ள மெதுவான பாட்டு கடைசிக்கு வந்தது. இரண்டாம் சோதனைத் தட்டு பெட்டி டர்ன்டேபிளிலும் சுத்தமாக ஒலித்தது. கேட்பதற்கும் இந்த வரிசை மேல். தட்டைத் திருப்பிப் போட்டவுடன் அந்த மவுத் ஆர்கன் பாய்ந்து வருவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

உறையை நாங்களே அச்சிட்டோம். எழுத்தில்லாத பழுப்பு அட்டை உறைகளை மொத்தமாக வாங்கி, 30 செ.மீ. சதுர லினோலியத் தகட்டில் படத்தைச் செதுக்கி, உருளையால் மை பூசி, மரக்கரண்டியின் முதுகால் தேய்த்து ஒவ்வொன்றாக எடுத்தோம். எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். எழுதிய தாளை, எழுத்துப் பக்கம் தகட்டைத் தொடுமாறு கவிழ்த்து வைத்துப் பென்சில் தடத்தைப் பதித்துக்கொண்டால் பிழை வராது. நீரில் கரையும் மை, ஃபர்னஸ் ஓடும் வறண்ட நிலவறையில் உருளையிலேயே காய்ந்துவிட்டது. எண்ணெய் மைக்கு மாறியதும் பழுப்பு அட்டை மேல் கறுப்பு நன்றாகப் பிடித்தது. காய்வதற்கு நான்கைந்து நாள் எடுக்கும் என்பதால் துணிக்கொடி கட்டி உறைகளைத் தொங்கவிட்டோம். பாடல் வரிசை இருந்த பின்பக்கத் தகட்டைச் சோதனைத் தட்டு வருவதற்கு முன்பே செதுக்கியிருந்ததால், பி பக்கம் மாறியபோது அதை முழுவதும் மறுபடி செதுக்க வேண்டியதாயிற்று. அட்டையில் அச்சிடத் தொடங்கியிருக்கவில்லை என்பதே நல்லது.

செலவைச் சொல்கிறேன். அறைப் பலகைகள் 240 டாலர், இருவகை மாஸ்டரிங் 700, முதல் லாக்கர் வெட்டு 750, முலாமும் சோதனைத் தட்டுகளும் 900, பி பக்கத்தை மீண்டும் வெட்டி முலாமிட்டுச் சோதித்தது 800, முந்நூறு தட்டு அச்சு ஏறக்குறைய 2,000, வெற்று உறைகள் 660, உள்ளுறைகள் 180, மையும் லினோவும் கருவிகளும் 210. மொத்தம் 6,440 டாலர், தட்டு ஒன்றுக்கு 21 டாலருக்குச் சற்று மேல். 35 டாலருக்கு விற்கிறோம். இசை விற்கும் இணையதளமான பேண்ட்கேம்ப் வழியே விற்றால் பொருளுக்கு 10 சதவீதமும் மின்வடிவத்துக்கு 15 சதவீதமும் அவர்களுக்குப் போகும். நிகழ்ச்சி மேடையருகே விற்பது முழுவதும் எங்களுக்கு. முந்நூறும் விற்றால்தான் அடுத்த தட்டுக்குப் பணம் சேரும். முந்நூறுக்கும் குறைவாக அச்சிட்டால் வெட்டுச் செலவு அப்படியே நிற்க, தட்டு ஒன்றின் விலை தாங்க முடியாத அளவுக்கு ஏறிவிடும்.

அடுத்த முறை பாட்டு எழுதும் கட்டத்திலேயே இரண்டு பக்கங்களையும் தாளில் வரைந்து, ஒவ்வொன்றின் கடைசி இடத்தையும் மெதுவான பாட்டுக்கு ஒதுக்கிவிடுவோம். கால்பலகையை அறை மைக்குகள் இரண்டுக்கும் சம தூரத்தில் வைப்போம். சோதனைத் தட்டுக்கு ஒப்புதல் கொடுத்த பிறகே உறையைச் செதுக்குவதும் வெளியீட்டு நாளைக் குறிப்பதும் நடக்கும். இரண்டாம் வெட்டுக்கான தொகையைத் தொடக்கத்திலேயே தனியே எடுத்து வைப்போம். இப்போது யோசிப்பது 45 சுழற்சி வேகத்தில் பக்கத்துக்கு இரண்டு பாடல்கள் மட்டுமுள்ள 12 அங்குலத் தட்டு. அந்த வேகத்தில் உள்வட்டத்திலும் பள்ளம் வினாடிக்கு 28 செ.மீ. ஓடும், கரகரப்பான மவுத் ஆர்கனை நினைத்த இடத்தில் வைக்க ஓரளவு இடம் கிடைக்கும். நான்கு பாடல்களில் மூன்று தயாராகிவிட்டன. நான்காவதற்கு, இந்தத் தட்டில் இடமின்றி நீக்கிய அந்தப் பாடலையே மீண்டும் பதிவு செய்ய மற்ற மூவரையும் சம்மதிக்க வைத்திருக்கிறேன்.